புதுமைக்கு எது ஊக்கம்? – செயல்வழிக் கற்றல் சொல்லும் விடை

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பறையில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க எது தூண்டுகிறது? விருதும் பாராட்டுச் சான்றிதழும் என்று பலரும் சொல்வர். நான் அப்படிக் கருதவில்லை. செய்து முடித்தவருக்குத்தான் விருது. செய்யத் தொடங்குபவருக்கு வேண்டியது வேறு. நம் மாநிலத்தின் செயல்வழிக் கற்றல் வரலாறு அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறையைத் தொடங்கி வைத்தார். ஆந்திரத்தின் ரிஷிவேலியில், பல வகுப்புகள் ஒரே அறையில் இயங்கும் கிராமப் பள்ளிகளுக்காக உருவான கற்றல் அட்டைகளும் ஏணிப்படியும் இதற்கு முன்மாதிரி. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே நேரில் சென்றனர். குழந்தைகள் தாமே அட்டையை எடுத்துக்கொண்டு தமக்குரிய குழுவில் அமர்வதைக் கண்டனர். திரும்பி வந்து நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே உருவாக்கினர்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. அவர்கள் கேட்டது சொற்பொழிவை அல்ல. பார்த்தது, தம்மைப் போன்ற இன்னோர் ஆசிரியரின் வகுப்பறையை. கருவியை உருவாக்கியதும் அவர்கள் கைதான். பள்ளிகள் 13 மட்டுமே என்பதால், சரிவரவில்லை என்றாலும் பெரிய இழப்பு இல்லை. மேலிடத்து அலுவலரும் உடன் நின்றார்.

2007-08-இல் இம்முறை மாநிலம் முழுவதும் விரிந்தது. எங்கள் களியக்காவிளைப் பகுதிப் பள்ளிகளுக்கும் அட்டைகள், தட்டுகள், பாய்கள் வந்தன. கீழ்மட்டக் கரும்பலகையும் கம்பிப் பந்தலும் அமைந்தன. பயன் உண்டு, மறுப்பதற்கில்லை. பத்து நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்ததும், விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. சென்னையில் அட்டையை எழுதியவர் ஆசிரியர். இங்கே அட்டையைப் பெற்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றியவர் ஆசிரியர்.

அச்சிட்ட அட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊரை முழுக்க அறியாது. பலாப்பழப் படத்தைக் காட்டி 'ப' கற்பிக்க முயன்றால், எங்கள் பிள்ளைகள் 'சக்கை' என்பார்கள். படமும் எழுத்தும் ஒட்டாது. பனைமரத்தைக் காட்டினால் சிக்கல் இல்லை. (மரவள்ளியை இங்கே மரச்சீனி என்போம், நல்லவேளை, இரண்டுக்கும் 'ம'தான்.) கூட்டல் கணக்குக்கு, அப்பா காய வைக்கும் ரப்பர் ஷீட்டுகளை எண்ணச் சொன்னால் ஆர்வத்துடன் எண்ணுவார்கள். இந்த மாற்றத்தைச் சென்னையிலிருந்து யாரும் செய்து அனுப்ப முடியாது. வகுப்பில் இருப்பவர்தான் செய்ய வேண்டும்.

செய்யத் தடை எது? நேரமின்மை ஒன்று. அதைவிடப் பெரியது, பார்வைப் பதிவேட்டில் என்ன எழுதப்படுமோ என்ற தயக்கம். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். சிறப்பாகச் செயல்பட்ட குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தவறு அங்கே அதிகம் நடந்தது என்பது அல்ல காரணம். அதை அச்சமின்றிச் சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். நம் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். 'எல்லாம் சிறப்பு' என்று மட்டும் அறிக்கை வரும் இடத்தில் யாரும் எதையும் முயன்று பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29(2), செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் குழந்தை கற்பதைப் பாடத்திட்டம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். கையேட்டில் உள்ள செயல்பாட்டை நம் ஊருக்கேற்ப மாற்ற அதில் இடமுண்டா என்று சிலர் கேட்கின்றனர். கற்றல் விளைவு மாறாதவரை, செயல்பாட்டை மாற்றுவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை என்பது என் கருத்து. பார்வையிட வரும் அலுவலர்களும் இதை வெளிப்படையாகச் சொன்னால் பாதித் தயக்கம் அன்றே போய்விடும்.

எங்கள் ஊரில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். அங்கே 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களே சக ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி அளித்தனர். கற்றுத் தருபவரும் நாளை வகுப்புக்குப் போகிறவர் என்றால் கேள்வி கேட்கக் கூச்சம் இருக்காது.

குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கிப் பார்க்கலாம். ஒருவர் தாம் முயன்றதைக் காட்ட வேண்டும், சரிவராததாகவும் இருக்கலாம். படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டிய கட்டாயம் கூடாது. தலைமையாசிரியரின் பங்கு சிறிது, ஆனால் அவசியம்: "இரண்டு வாரம் செய்து பாருங்கள், பிறகு பேசுவோம்" என்ற ஒரு சொல். எங்கள் பள்ளியில் அலமாரியின் ஓர் அடுக்கு இதற்காகவே காலியாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தாம் எழுதிய அட்டையை அதில் வைக்கலாம். இரண்டு வாரம் வரை வேறு எவரும் அதைத் திருத்தக் கூடாது. அதன்பின் அது நிலைக்குமா என்பதை, பிள்ளைகள் அதை எத்தனை முறை எடுக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்கிறோம்.