ஒரு திரி, ஒரு மெழுகு, ஒரு மணம்: வாசனை மெழுகுவர்த்தியைச் சோதிப்பது எப்படி?

மூன்றாமாண்டு, ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு மாணவன்



மெழுகுவர்த்தி என்றதும் "இதுல படிக்க என்னடா இருக்கு? மெழுகை உருக்கு, நூலைப் போடு, ஊத்து" என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை என் அம்மாவுக்கு நாற்பது கண்ணாடி மெழுகுவர்த்திகளின் நஷ்டமாக முடிந்தது. அந்த நஷ்டத்திலிருந்து நானும் என் விடுதி நண்பர்கள் இருவரும் கற்றுக்கொண்ட பாடமே இக்கட்டுரை.

எங்கள் ஊர் குமாரபாளையம் பக்கம். காலையில் தறிச் சத்தத்தில் எழுந்து, இரவில் தறிச் சத்தத்திலேயே தூங்குகிற ஊர். அம்மா இருக்கும் மகளிர் குழுவில் கடன் எடுத்து, கார்த்திகை தீபத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் விற்கலாம் என்று வாசனை மெழுகுவர்த்தி செய்தார்கள். "நூலுக்கு எதுக்கம்மா காசு? தறியில மிச்சமான பாவு நூலே கிடக்குதே" என்று யோசனை சொன்ன மகா புத்திசாலி நான்தான். கடையில் வைத்த நாற்பதும் பத்து நாளில் திரும்பி வந்தன. ஏற்றினால் சுடர் சுண்டைக்காய் அளவுக்கு நின்றது. அரை மணி நேரத்தில் தன் மெழுகிலேயே மூழ்கி அணைந்தது. சுடரைப் பெரிதாக்க நினைத்து, தடித்த திரியும் இரண்டு மடங்கு சென்ட்டும் போட்டோம். சுடர் எகிறியது, டீ கிளாஸ் 'டப்'பென்று வெடித்தது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

அம்மா திட்டவில்லை. "ஏஞ்சாமி, நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒரு வழி இருக்காதா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை!

மெழுகுவர்த்தியில் எரிவது எது?

முதலில் இதற்கு விடை தெரிய வேண்டும். எரிவது திரி என்பது பொதுவான எண்ணம். உண்மையில் எரிவது மெழுகின் ஆவி. சுடரின் வெப்பத்தில் மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு திரியின் இழைகளுக்கு இடையே நுண்புழை ஏற்றத்தால் மேலேறுகிறது. உச்சியில் ஆவியாகி, காற்றுடன் கலந்து எரிகிறது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் எழும் வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ அந்தப் புகை வழியே இறங்கித் திரியைப் பற்றும். 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றி மட்டுமே ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். மின்னியலின் தந்தையே ஆறு நாள் பேசிய பொருளை நாம் அரை மணியில் முடிக்கப் பார்த்தோம்!

ஆக, திரி என்பது ஒரு பம்பு. மெழுகு எரிபொருள். வாசனை எண்ணெய் எரிபொருளில் கலக்கும் அந்நியப் பொருள். மூன்றும் ஒத்துப்போனால்தான் விளக்கு எரியும்.

சோதனை 1: மெழுகு

கடைகளில் அதிகம் கிடைப்பது பாரஃபின் மெழுகு. கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய் தயாரிக்கும்போது பிரிவது. 1901-இல் தொடங்கிய அசாமின் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை மெழுகுக்குப் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில், 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவான மணலி நிறுவனமும் மெழுகு தயாரித்து வந்திருக்கிறது.

(அ) உருகுநிலை: சோதனைக் குழாயில் உருகிய மெழுகை எடுத்து, வெப்பமானியை நடுவில் நிறுத்தி, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறியுங்கள். இறங்கிக்கொண்டே வரும் பாதரசம் ஓரிடத்தில் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அதுவே உருகுநிலை. முதலாண்டு வேதியியலில் வரைந்த குளிர்வு வரைபடம்தான் இது. பாரஃபினுக்கு 58 முதல் 60 டிகிரி நல்ல ரகம். தேன்மெழுகுக்கு 62 முதல் 64 வரும். ஸ்டியரிக் அமிலத்துக்கு 69 அளவில். சோயா மெழுகு பெரும்பாலும் 45 முதல் 55-க்குள் இருக்கும். நம் சேலம், நாமக்கல் சித்திரை வெயிலில் பூட்டிய வேனுக்குள் சோயா மெழுகை ஏற்றி அனுப்பினால் கூழாகத்தான் போய்ச் சேரும். அதைக் கண்ணாடிக் குவளைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

(ஆ) எண்ணெய்ப் பசை: மெழுகுத் துண்டை இரண்டு வடிதாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஓர் இரவு வையுங்கள். தாளில் எண்ணெய்க் கறை படர்ந்தால் அது சரியாகச் சுத்திகரிக்காத மெழுகு. முழுதும் சுத்திகரித்த பாரஃபினில் எண்ணெய் அரை சதவீதத்துக்கு மேல் இருக்காது. எண்ணெய் கூடினால் புகையும் கூடும், சென்ட்டின் மணமும் கெடும்.

(இ) கலவை: பாரஃபினுடன் 5 முதல் 10 சதவீதம் ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் மெழுகு கெட்டியாகி வெண்மை பெறும், அச்சிலிருந்து எளிதில் கழன்று வரும். ஆனால் செம்புப் பாத்திரம் கூடாது. பெயரிலேயே அமிலம் இருக்கிறதே! செம்போடு சேர்ந்து பச்சை நிறம் காட்டும். எவர்சில்வர் போதும்.

கொல்லிமலைத் தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு கிடைத்தால் விடாதீர்கள். அதற்கென்று தனி மணம் உண்டு, வேறு சென்ட் வேண்டியதில்லை. ஆனால் உருகினாலும் பிசுபிசுப்பு அதிகம் என்பதால் பாரஃபினுக்குப் போடுவதைவிடத் தடித்த திரி வேண்டும்.

சோதனை 2: திரி

எங்கள் நாற்பது மெழுகுவர்த்தியும் தோற்ற இடம் இதுதான். திரும்பி வந்த ஒன்றை விடுதிக்குக் கொண்டுவந்து உடைத்துப் பார்த்தோம். கெமிக்கல் பிரிவு நண்பன் உபயோகிக்காத நூலில் ஒரு சொட்டு அயோடின் விட்டான். நூல் கருநீலமாக மாறியது. "மாப்ளே, இது நூல் இல்லடா, சேகோ" என்றான்.

விஷயம் விளங்கிவிட்டது. தறியில் அறுபடாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறோம். நம் பக்கத்தில் அந்தக் கஞ்சிக்கு மரவள்ளி மாவு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. தறிக்கு வரமான கஞ்சி திரிக்குச் சாபம். இழைகளுக்கு இடையே மெழுகு ஏற வேண்டிய சந்துகளை எல்லாம் அது அடைத்துவிடுகிறது. சூடு பட்டதும் கரியாகித் திரியின் தலையில் குந்துகிறது. மூன்று வருடம் ஜவுளி படித்த நான் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இருந்தது தலையில் இருந்தது, கைக்கு வரவில்லை.

திரி நூலுக்கு நான்கு பரிசோதனைகள்:

1. அயோடின் சொட்டு. நீலம் வந்தால் கஞ்சி நூல், வேண்டாம். கஞ்சி போடாத சிட்ட நூலையோ ஊடை நூலையோ எடுங்கள்.

2. தீக்குச்சி. பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை, பூப்போன்ற சாம்பல். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். அது திரிக்கு ஆகாது.

3. தண்ணீர்ச் சொட்டு. நூலின் மேல் சொட்டு முத்தாக உட்கார்ந்தால் பருத்தியின் இயற்கை மெழுகு இன்னும் போகவில்லை. 100 கிராம் நூலுக்கு 2 லிட்டர் தண்ணீரும் 5 கிராம் சலவைச் சோடாவும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். பிறகு சொட்டு உடனே உறிஞ்சும்.

4. பின்னல். வெறுமனே முறுக்கிய நூல் எரியும்போது நேராக நின்று தலையில் கரிப்பூ கட்டும். தட்டையாகப் பின்னிய திரி எரிய எரிய ஒரு பக்கம் வளையும். வளைந்த நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து தானே எரிந்து சாம்பலாகும். 1825-இல் பிரான்சில் காம்பசெரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்த பிறகுதான், அடிக்கடி கத்தரிக்கோலும் கையுமாக நிற்கும் வேலை குறைந்தது. நம் வீட்டுப் பெண்கள் போடும் மூன்று கால் சடைப் பின்னலே போதும்.

பின்னிய திரியை வெங்காரம் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் காயவைத்தால், அணைத்த பிறகு கங்கு நெடுநேரம் புகையாது. சேலத்து வெள்ளிப் பட்டறைகளில் பற்றவைக்க உதவும் அதே வெங்காரம்தான். கடைசியாக, உருகிய மெழுகில் திரியை முக்கி, காற்றுக் குமிழி வருவது நின்றதும் எடுத்து நேராக இழுத்துக் காயவிடுங்கள்.

எத்தனை இழை? 6 சென்டிமீட்டர் வாயுள்ள குவளைக்கு, 20-ஆம் நம்பர் நூலில் 12, 18, 24, 30 இழைகளில் நான்கு திரிகள் பின்னிச் சென்ட் இல்லாமல் எரித்தோம். 12 மூழ்கியது. 18-இல் மெழுகு ஓரம் வரை உருகவில்லை, நடுவில் கிணறு விழுந்தது. 24-இல் இரண்டரை மணி நேரத்தில் ஓரம் வரை உருகியது, சுடரும் அடக்கமாக நின்றது. 30-இல் சுடர் நீண்டு, குவளை வாயில் கரி படிந்தது. இது எங்கள் நூலுக்கும் எங்கள் மெழுகுக்கும் வந்த கணக்கு. உங்களுக்கு மாறலாம். அதனால்தான் சோதனை!

சோதனை 3: வாசனை எண்ணெய்

ஊதுபத்திக்கு விற்கும் சென்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். ஊதுபத்தி சென்ட்டைப் பெரும்பாலும் டை எத்தில் தாலேட் போன்ற திரவங்களில் நீர்க்கச் செய்கிறார்கள். ஊதுபத்தியில் கனல்தான் உண்டு, மெழுகுவர்த்தியிலோ சுடர். மெழுகுக்கென்றே விற்கும் எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள்.

(அ) கரைதிறன்: தெளிந்த உருகிய மெழுகில் சில சொட்டு விட்டுக் கலக்குங்கள். கலங்கினாலோ அடியில் முத்தாகத் தங்கினாலோ அதில் தண்ணீரோ கிளிசரினோ இருக்கிறது. எரியும்போது பட்பட்டென்று தெறிக்கும்.

(ஆ) அளவு: சொட்டுக் கணக்கு வேண்டாம், எடைக் கணக்கு வேண்டும். 500 கிராம் மெழுகுக்கு 5 சதவீதம் என்றால் 25 கிராம். பாரஃபினுக்கு 3 முதல் 6 சதவீதத்துக்குள் தொடங்குங்கள். நாங்கள் முதலில் போட்டது 12! அதிகப்படி எண்ணெய் மெழுகின் மேல் வியர்வையாகக் கசிந்து, சுடரோடு சேர்ந்து எரிந்து கிளாஸை உடைத்தது.

(இ) வெப்பம்: அடுப்பை அணைத்து, மெழுகு 75 முதல் 80 டிகிரிக்கு இறங்கியதும் எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். கொதிக்கும் மெழுகில் விட்டால் வாசனை சமையலறைக்குப் போகும், மெழுகில் நிற்காது.

(ஈ) மல்லிகை ஆசை: குண்டுமல்லியை உருகிய மெழுகில் போட்டுப் பார்த்தோம். பூ வெந்து கீரையானது, மணம் வரவில்லை, பூவின் ஈரம் திரியைப் படபடக்க வைத்தது. மல்லிகை மணத்தின் முக்கியப் பொருள்களில் ஒன்று பென்சைல் அசிடேட். கடை மல்லிகை எண்ணெய் பெரும்பாலும் இது போன்ற செயற்கைப் பொருள்களின் கலவை. அதில் குற்றமில்லை, ஆனால் லேபிளில் 'அசல் மல்லிகை' என்று போடக் கூடாது. வெனிலா மணம் போட்டால் மெழுகு நாளடைவில் பழுப்பேறும், வெள்ளையை எதிர்பார்க்காதீர்கள்.

(உ) மூக்குச் சோதனை: செய்தவன் மூக்கை நம்பக் கூடாது, அது பழகிப்போயிருக்கும். குவளைகளுக்கு எண் மட்டும் போட்டு, இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு, வெளியிலிருந்து வருபவர்களிடம் ஏற்றாமல் ஒரு தடவை, ஏற்றி ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை கேளுங்கள்.

சென்ட் சேர்த்தபின் திரியை மறுபடியும் சோதிக்க வேண்டும். எண்ணெய் சேர்ந்ததும் எங்கள் 24 இழைச் சுடர் சற்றுக் குறுகியது. 27 இழையில் சரியானது.

எரிப்புச் சோதனையும் நோட்டும்

மூன்று மெழுகு, நான்கு திரி, மூன்று வாசனை என்றால் 36 மெழுகுவர்த்தி. அவ்வளவுக்குக் காசு ஏது? ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் மெழுகு, பிறகு திரி, கடைசியில் வாசனை. காற்றாடியை நிறுத்தி, திரியைக் கால் அங்குலமாக வெட்டி, எடை போட்டு ஏற்றுங்கள். நான்கு மணி நேரம் எரித்து அணைத்து, மறுபடி எடை போடுங்கள். குறைந்த கிராமை மணியால் வகுத்தால் எரிப்பு வேகம். சுடரின் உயரம், உருகிய வட்டம், கரி, குவளையின் சூடு ஆகியவற்றை மணிக்கொரு முறை எழுதுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். குவளை வெடிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

மறக்கக் கூடாதவை

* மெழுகை நேரடித் தீயில் உருக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்தே உருக்குங்கள்.
* மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் அடியில் போய் ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரை வரை வீசும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.
* மெல்லிய டீ கிளாஸ் வேண்டாம். மண் அகலில் ஊற்றுவதானால் உள்ளே பூச்சுள்ள அகல்தான். பூசாத மண் மெழுகைக் குடித்து, அகலே திரியாகிவிடும்.
* பொதியில் தயாரித்தவர் பெயர், முகவரி, எடை, மாதம், அதிகபட்ச விலை ஆகியவை அச்சிட வேண்டும். இது 2011-ஆம் ஆண்டு சட்ட அளவீட்டுப் பொதிப் பொருள் விதி.

முடிவாக

அடுத்த தவணையில் அம்மா பன்னிரண்டு மட்டுமே செய்தார். ஒவ்வொன்றின் அடியிலும் எண் ஒட்டி, அதே கடையில் கொடுத்தார். பன்னிரண்டில் ஒன்றும் திரும்பவில்லை. குழுக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் வேலை நிற்கவில்லை. இப்போது வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதில் இழை, கிராம், மணி என்று அம்மாவின் கையெழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. என்னுடைய ரெக்கார்டு நோட்டைவிட அது ஒழுங்காக இருக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நண்பர்களே, நம் ரெக்கார்டு நோட்டில் பல சமயம் விடையை முதலில் எழுதிவிட்டு, அளவுகளைப் பிறகு நிரப்புகிறோம். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் மெழுகுவர்த்தி அதற்கெல்லாம் ஏமாறாது. விடுமுறையில் உங்கள் வீட்டிலும் ஒன்று செய்து பாருங்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.