நூல் வாசித்தால் வாழ்வு மாறுமா?

கோபத்தை அடக்க வழிகூறும் நூலை வாசித்த தகப்பனாரைக் கண்டு பிள்ளைகள் இன்னும் ஒளிகின்றார்களா? அப்படியானால் குறை நூலிலா, வாசித்த விதத்திலா?

1521ஆம் ஆண்டு பம்ப்லோனாப் போரில் கால் முறிந்து, லொயோலாவில் படுக்கையாய்க் கிடந்த புனித இஞ்ஞாசியார் கேட்டவை வீரக் கதைகளே. வீட்டிலிருந்தவையோ கிறிஸ்துவின் சரிதையும் புனிதர் வரலாறுகளும். வேறு வழியின்றி வாசித்தார். (நல்ல நூல்கள் பலவற்றுக்கு இதுவே கதி!) ஆனால் வாசிப்போடு அவர் நின்றாரில்லை. வீரக் கனவுகள் கலைந்தபின் உள்ளம் வறண்டது; புனிதரைப் பின்பற்றும் எண்ணமோ சென்றபின்னும் மகிழ்ச்சி தந்தது. இவ்வேறுபாட்டைக் கவனித்தார். மனதைத் தொட்ட பகுதிகளைக் கையால் எழுதி வைத்தார். 1548இல் அச்சேறிய அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலும் வாசித்து முடிப்பதற்கன்று, செய்வதற்கே.

நூலை மூடியபின் கால்மணி நேரம் அமைதியாயிருங்கள். எந்த எண்ணம் உள்ளத்தில் தங்குகின்றது? அதனை இன்றிரவே வீட்டாரிடம் செய்து பாருங்கள். அதுவரை அடுத்த நூலை வாங்கவேண்டாம்.