பந்தயக் காரும் போடிமெட்டுச் சாலையும்

போடிநாயக்கனூரில் கோழி கூவுமுன்னரே விழித்தெழுபவை ஜீப்புகள். ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஆடவரும் பெண்டிரும் தூக்குச்சட்டியும் கையுமாக அவற்றில் நெருங்கி அமர்கின்றனர். முந்தலைக் கடந்து, பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, அவை போடிமெட்டை அடைகின்றன. அடிவாரத்திலிருந்து ஏறும் உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர். அவ்வழியே நாம் ஒருகால் சென்றபோது, உடன் வந்த மாணவர் ஒருவர் தம் கைபேசியிலிருந்த பந்தயக் காரின் படமொன்றைக் காட்டி, “ஐயா, இவ்வண்டி இம்மலையை எத்தனை நிமிடத்தில் ஏறும்?” என்று வினவினார். வினா சிறிது, விடையோ சிறிதன்று. அதனை ஈண்டு முறையாக ஆராயப் புகுகின்றோம்.

அவர் காட்டியது, ஜெர்மனி தேசத்துப் போர்ஷே கம்பெனியார் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட 911 ஜி.டி. 3 ஆர்.எஸ். என்னும் வண்டி. சாலையில் ஓட்டவும் அனுமதி பெற்றதாயினும், அதன் அங்கங்கள் யாவும் பந்தயக் களத்தை நோக்கியே அமைந்தவை. நான்கு லிட்டர் எஞ்சின் 525 குதிரைத் திறன் தருவது. எடையோ 1,450 கிலோ மாத்திரமே. கதவும் கூரையும் முன்மூடியும் இரும்பினால் ஆகாமல், கரிநாரைப் பிசினுடன் சேர்த்து வார்த்த தகடுகளால் ஆனவை. எடை குறைந்தால் வேகம் மிகும் என்பதோடு, வளைவிலே திரும்புதலும் தடையிட்டு நிறுத்துதலும் எளிதாகும் என்பதையும் மாணவர் மனத்திற்கொள்க.

முன்புறத்தில் மற்ற 911 கார்களில் பெட்டி வைக்கும் இடத்தை, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஒன்றே நிறைத்துக்கொண்டது. அதனூடே சென்று சூடேறிய காற்று எஞ்சினுக்குள் மீண்டும் புகாவண்ணம், கூரையின்மேல் சிறு தடுப்புகள் நின்று அதனைப் பக்கங்களுக்கு ஒதுக்குகின்றன. பின்புறத்திலோ, கூரையினும் உயர்ந்து நிற்கும் பெரியதோர் இறக்கை உண்டு. விமானத்தின் இறக்கை மேலே தூக்குகின்றது. தலைகீழாய் அமைந்த இவ்விறக்கையோ வண்டியைக் கீழே அழுத்துகின்றது. அவ்வேலையைப் பெரிதும் செய்வது இறக்கையின் அடிப்புறமாதலின், காற்று ஆண்டுத் தடையின்றி ஓடுதற்பொருட்டு, தாங்கும் கைகள் அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்து மேற்புறத்தைப் பற்றியிருக்கின்றன. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் மேல் விழும் காற்றழுத்தம் 409 கிலோ. 285 கிலோமீட்டரில் 860 கிலோ. இவை கம்பெனியார் கூறும் அளவுகள்.

இனி, மாணவருடைய வினாவிற்கு வருவோம். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ஐந்தில் ஒரு பங்கானால், அழுத்தம் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். மலைச்சாலையின் ஒரு கொண்டையூசி வளைவுக்கு ஆரம் 15 மீட்டர் என்றும், உலர்ந்த தாரில் டயரின் உராய்வு எண் 0.8 என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வளைவில் வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டியின் மேல் விழும் காற்றழுத்தம் ஏறக்குறைய 16 கிலோ, அதாவது நான்கு வயதுக் குழந்தையொன்றின் எடை! மழையிலே உராய்வு எண் 0.4 ஆகக் குறையுமாயின், உச்ச வேகமும் 28 கிலோமீட்டராகச் சுருங்கும். இக்கணக்கில் எஞ்சினின் குதிரைத் திறன் எங்கும் வரவில்லை என்பதை உற்று நோக்குக. வளைவின் ஆரமும் தரையின் ஈரமுமே ஆண்டு நீதிபதிகள்.

மேலும், களத்திற்கென்று செய்த டயர்களில் நீரை வெளியேற்றும் பள்ளக்கோடுகள் குறைவு. காய்ந்து சூடேறிய தரையில் அவை நன்கு பற்றும். மஞ்சு கவிந்து நனைந்த மலைச்சாலையிலோ அவற்றின் பிடி தளரும். வண்டியின் வயிறும் தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பதால், மண்சரிவிற் கிடக்கும் ஒரு கல்லும் அதற்குப் பகை. ஜீப்பின் உயர்ந்த அடியையும் ஆழ்ந்த பள்ளமுள்ள டயரையும் கண்டு நகைப்போர், அவை இம்மலை கேட்ட கேள்விக்கு ஏற்ற விடைகள் என்பதை அறியார்.

வண்ணத்தைப் பற்றியும் சிறிது கூறுவோம். காரின் மேற்பூச்சு ஒரு படையன்று. துருத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் சமன்செய்யும் பூச்சு, பிறகு நிறப்பூச்சு, இறுதியில் ஒளிபுகும் காப்புப்பூச்சு என நான்கு படைகள் உண்டு. நான்கும் சேர்ந்த கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கே. நிறப்பூச்சில் அலுமினியப் பொடி கலந்தால் உலோக ஒளியும், அப்பிரகப் பொடி கலந்தால் முத்தின் ஒளியும் தோன்றும். முற்காலப் பந்தயங்களில் நிறம் தேசத்தை உணர்த்தியது: பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, ஜெர்மனிக்கு வெள்ளை, பின்னர் வெள்ளி. 1973 ஆம் ஆண்டின் போர்ஷே கரேரா ஆர்.எஸ். வண்டியில் வெள்ளை உடலின் பக்கத்தில் பெயரை வண்ண எழுத்தால் எழுதி, சக்கரங்களுக்கும் அதே வண்ணம் தீட்டும் வழக்கம் இருந்தது. இக்காலத்தில் விரும்புவோர் சில உறுப்புகளுக்கு நிறமே பூசாமல், கரிநாரின் பின்னல் வெளியே தெரியும்படி விடுவதும் உண்டு. ஆயினும் களத்தில் அழகாயிருக்கும் கருநிறமும் சாம்பல் நிறமும், போடிமெட்டின் மஞ்சில் எதிரே வருபவன் கண்ணுக்குப் புலப்படா. ஆண்டு நிறம் அலங்காரமன்று, உயிர்க்காப்பு.

அங்ஙனமாயின் இத்தகைய வண்டிகட்கு நம் நாட்டில் இடமில்லையோ எனின், உண்டு. சென்னையை அடுத்த சோழவரத்தில், உலக யுத்தகாலத்து விமான ஓடுதளத்திலே முன்னர்ப் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் 1990 ஆம் ஆண்டில் தனிக்களம் திறக்கப்பெற்றது. கோயம்புத்தூர்க் கரிவரதன் என்பார், மாருதிக் காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டே ஓர் ஆள் அமரும் ஃபார்முலா மாருதி வண்டியை வகுத்தார். பெரும்பொருள் இல்லாத இளைஞரும் பந்தயம் பயில அது வழிசெய்தது. அவர் 1995 இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துக் களம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் வகுத்த வண்டியிற் பயின்ற நாராயண் கார்த்திகேயன், 2005 ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அக்களங்களில் எதிரே வண்டி வாராது. வளைவின் வெளிப்புறத்தில் வழுக்கினோரைத் தாங்க வெற்றிடம் உண்டு. கொடி காட்டுவோரும் மருத்துவரும் ஆயத்தமாய் நிற்பர்.

போடிமெட்டு வளைவின் வெளிப்புறத்திலோ, ஒரு சிறு கைப்பிடிச் சுவரும், அதற்கப்பால் பாதாளமுமே உள. ஆதலின் மாணவ நண்பர்க்கு நாம் இறுத்த விடை இதுவே: “தம்பி, அவ்வண்டியும் ஜீப்பு எடுக்கும் நேரத்தையே ஏறத்தாழ எடுக்கும், எடுக்கவும் வேண்டும்.” அவர் சிரித்தார். அப்போது அடுத்த வளைவில் ஒலிப்பான் முழங்க, மாலை வேலை முடித்து மீளும் ஜீப்பொன்று மஞ்சினின்று வெளிப்பட்டது. உள்ளே பன்னிருவர், மடியில் உறங்கும் குழந்தையுடன் ஒரு தாய். நம் வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டோம். மாணவர் கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார்.