ஒரே ஃபைலில் பத்து மாடல்கள்

பயோடெக்னாலஜி படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பிடிபி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். புரோட்டீன் போன்ற பெரிய மூலக்கூறுகளில் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும் ஃபைல் அது. 1971-ல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 7 மூலக்கூறுகளுடன் தொடங்கிய சேமிப்பகத்தின் பெயரும் அதுவே. இலவசம் என்பதால் நாமும் திறந்து பார்க்கலாம்.

ஆர்சிஎஸ்பி.ஆர்க் தளத்தின் தேடல் பெட்டியில் ஒன்று, டி, மூன்று, இசட் என்ற நான்கு எழுத்துக் குறியீட்டை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். யூபிக்விட்டின் என்ற சிறிய புரோட்டீன் வரும். டவுன்லோடு மெனுவில் பிடிபி ஃபார்மட்டைத் தேர்வு செய்து, கிடைத்த ஃபைலை நோட்பேடில் திறங்கள். வேர்ட் ராப் வசதியை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் வரிகள் உடைந்து குழப்பும்.

கீழே இறங்கினால் 'ஆட்டம்' என்று தொடங்கும் வரிகள் தெரியும். அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான். நம் ஊர் ஆட்டம் இல்லை! ஒரு வரிக்கு ஓர் அணு. ஒரு வரியில் 80 எழுத்து இடங்கள், பழைய பஞ்ச் கார்டின் அளவு. 31-வது இடத்திலிருந்து 54-வது இடம் வரை எக்ஸ், ஒய், இசட் அளவுகள் இருக்கும். தெரியாமல் ஒரு ஸ்பேஸ் தட்டினாலும் எண்கள் இடம் மாறி அணு வேறெங்கோ போய்விடும். எனவே சேவ் செய்யாமல் மூடுங்கள்.

'மாடல் 1' என்ற வரிக்குப் பின் 1200-க்கும் மேற்பட்ட அணுக்கள் வரும். பிறகு 'எண்ட்எம்டிஎல்' என்று ஒரு வரி. உடனே 'மாடல் 2' தொடங்கி, அதே அணுக்கள் மீண்டும் 1-லிருந்து வரும். இப்படியே பத்து முறை. அணுவின் பெயரும் வரிசையும் மாறாது, அளவுகள் மட்டும் சற்றே மாறும்.

பத்து மூலக்கூறுகள் என்று எண்ணிவிடாதீர்கள். என்எம்ஆர் முறையில் அணுக்களுக்கு இடையிலான தூரம் போன்ற தகவல்கள்தான் கிடைக்கும். அவற்றுக்குப் பொருந்தும் வடிவங்கள் பல. அதனால் ஒரே மூலக்கூறுக்குப் பத்து விடைகள் தருகிறார்கள். இந்த இரண்டு வரிகளைக் கவனிக்காத புரோகிராம் அணுக்களைப் பத்து மடங்காக எண்ணும். ஒரு மாடலின் அணுவை இன்னொன்றோடு இணைத்து முள்புதர் போல வரைந்துவிடும்.

பைமால் புரோகிராமில் முதல் மாடல் மட்டும் தெரியும். 'செட் ஆல்_ஸ்டேட்ஸ், ஆன்' என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் பத்தும் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். நடுப்பகுதி கச்சிதமாகப் பொருந்தி, வால் பகுதி மட்டும் விசிறி போல் விரிவதைப் பாருங்கள். அந்த வால் ஓரிடத்தில் நிற்பதில்லை. முதல் மாடலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ப்ளே பட்டனை அழுத்தினால் சினிமா போல ஓடும். ஆனால் மாடல் எண்கள் நேர வரிசை அல்ல, மூலக்கூறு இப்படித்தான் அசைகிறது என்று நம்பிவிட வேண்டாம்.

2014 முதல் எம்எம்சிஃப் என்ற ஃபார்மட்டே இந்தச் சேமிப்பகத்தின் முதன்மை வடிவம். அதில் மாடல் எண் ஒவ்வொரு அணுவின் வரியிலேயே ஒரு தனி நெடுவரிசையாக வந்துவிடுகிறது. வரிகளை வெட்டி எடுத்தாலும் எந்த மாடல் என்ற குழப்பம் வராது. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. இரண்டையும் டவுன்லோடு செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.