எரியாத விளக்கு என்ன சொல்கிறது?

அன்புள்ள கயல்,

பக்கத்து லேனில் வண்டி வந்தால் சைடு மிரரில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு எரியவில்லை என்றால் பக்கத்தில் யாரும் இல்லை என்றுதானே பெரியப்பா அர்த்தம், பிறகு ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று போனில் கேட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை. ஷோரூமில் ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்றாயே, அதுதான் எனக்கு எரிச்சல்.

விளக்கு எரிந்தால் நம்பு. எரியாவிட்டால் அது உனக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. அந்த விளக்கை எரியவைக்கும், பின்பம்பரின் இரண்டு மூலைகளிலும் உள்ள ரேடார்கள், பக்கத்து லேனில் உன் தோளுக்குப் பின்னால் சில மீட்டரைத்தான் முக்கியமாகக் கவனிக்கின்றன. உன்னைவிட 40 கி.மீ. வேகம் கூடுதலாக வருகிறவன் நொடிக்கு 11 மீட்டர் நெருங்குகிறான். நீ பார்த்தபோது எரியாத விளக்கு, நீ ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எரியும். ஒல்லியான பைக்கை ரேடார் சில சமயம் தாமதமாகத்தான் கண்டுகொள்ளும்.

அதற்காக இந்த வசதி வீண் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஐ.எச்.எஸ். 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வசதியுள்ள கார்கள் லேன் மாறும்போது மோதுவது 14 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல பலன்தான். ஆனால் மீதி 86?

மிரருக்கு வருகிறேன், என் கட்சி அதுதான். ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-ல் ஒரு கட்டுரை எழுதினார். மிரரில் தெரியாத மறைவிடத்தில் பெரும்பகுதி நாம் மிரரை வைக்கும் லட்சணத்தால் வருவது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நம் ஆட்கள் மிரரில் தங்கள் வண்டியின் கதவையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். கதவு எங்கே ஓடிவிடப் போகிறது? நீ இப்படிச் செய். வலது ஜன்னலில் தலை படுகிற மாதிரி சாய்ந்துகொண்டு, உன் வண்டியின் ஓரம் மிரரில் லேசாகத் தெரியும்வரை வலது மிரரை வெளியே தள்ளு. பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையைக் கொண்டுவந்து, இடது மிரரையும் அதேபோல் வை. நிமிர்ந்து உட்கார்ந்தால் உன் வண்டி எதிலும் தெரியாது. முதலில் பதறுவாய், பழகிவிடும். உன்னை ஓவர்டேக் செய்யும் லாரி உள்மிரரை விட்டு நழுவும்போதே சைடு மிரரில் வந்து நிற்கும். அதை விட்டு விலகுவதற்குள் உன் கடைக்கண்ணில் பட்டுவிடும். வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஆளை நடக்கவிட்டுச் சோதித்துப் பார். காசு செலவில்லாத இந்த வித்தையை எந்த டிரைவிங் ஸ்கூலும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை!

மறைவிடம் மிரரில் மட்டுமில்லை. நம் கண்ணிலேயே ஒரு குருட்டுப் புள்ளி இருப்பதை 1660-களில் மாரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். இடது கண்ணை மூடு. இரண்டு கட்டைவிரல்களையும் கை நீட்டிச் சேர்த்துப் பிடித்து, இடது விரலையே பார்த்தபடி வலது விரலை மெல்ல விலக்கு. ஓரிடத்தில் நகம் காணாமல் போகும். அங்கே ஓட்டை தெரியாது. மூளை சுவரின் நிறத்தை இட்டு நிரப்பிவிடும். காலி லேன் என்று நாம் நினைப்பதிலும் பாதி இப்படி நிரப்பியதோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

இன்னொன்று. பெரும்பாலான வண்டிகளில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது நீ இண்டிகேட்டர் போட்டால்தான் விளக்கு வெட்டி வெட்டி மின்னும், பீப் ஒலிக்கும். போடாவிட்டால் சும்மா எரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். உங்கள் அப்பா இண்டிகேட்டரே போடமாட்டான். அவனுக்கு இந்த வசதியில் பாதி தண்டம் என்று நான் சொன்னதாகவே சொல்.

பம்பர் மூலையில் சேறு அப்பினால் ரேடார் மங்கும். மழையில் ஓட்டிவிட்டு வந்தால் அங்கே துடைத்துவிடு. தம்பி ஒட்டச் சொல்கிற ஸ்டிக்கரும் அங்கே வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா