சேரும் முன் ஒரு கேள்வி

அமெரிக்காவில் குடியேறியுள்ள நம் பிள்ளைகளின் கவனத்திற்கு:

அங்கே சமுதாயக் கல்லூரிகள் உண்டு. 1901-இல் ஜோலியட்டில் தொடங்கியது இன்றும் நடக்கிறது. வணிகம், நிதி, கணினிப் பாதுகாப்பு எதையும் இரண்டாண்டு, சுமார் 60 கிரெடிட் படித்தால் அசோசியேட் பட்டம். கட்டணமும் பல்கலைக்கழகத்தைவிடப் பொதுவாகக் குறைவு.

ஆனால் பட்டம் இருவகை. ஒன்று, பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டு சேர்வதற்கு. மற்றது, நேரே வேலைக்கு. வேலைக்கான பட்டத்தின் பாடங்களைப் பல்கலைக்கழகம் முழுமையாக ஏற்காமல் போகலாம். அப்போது படித்ததையே மீண்டும் படிக்க வேண்டிவரும். பணமும் காலமும் போகும்.

ஆகவே சேரும் முன்பே, "எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடங்களை ஏற்கும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கணக்குப் பாடத்தின் முதல் ஒழுங்கும் அதுவே: பேச்சு பேச்சாக இருக்கட்டும், சீட்டு கையில் இருக்கட்டும்.