பாக்கெட்டின் பின்பக்கம் சொல்லாதது

அன்புள்ள கயல்,

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் பாக்கெட்டின் பின்பக்கம் கணக்காக அச்சாகியிருக்கும்போது, பாக்கெட் உணவுக்கும் சமைத்த சாப்பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. அந்தக் கணக்கு பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது முழுக் கணக்கு அல்ல என்றுதான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் உன் கேள்வியையே சோதித்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். ஆலை உணவில் நார்ச்சத்து போதாமல், அதைப் பானத்தில் கலந்து கொடுத்தே சமப்படுத்த வேண்டியிருந்தது. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றார்கள். ஆலை உணவு வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரங்களில் அதே அளவு இறங்கியது. ருசி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சாப்பிட்டவர்களே சொன்னார்கள். ஆனால் ஆலை உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டிருந்தார்கள். 20 பேரை வைத்து ஒரு மாதம் நடந்த சிறிய சோதனைதான் இது. ஆனாலும் சத்துக் கணக்கு சமமாக இருந்தால் உணவும் சமம் என்ற நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

குறைகிற சத்தைச் சேர்த்துத்தானே விற்கிறார்கள் என்பாய். எது குறைகிறது என்று தெரிந்தால்தான் சேர்க்க முடியும். 1890களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே அவர் முதலில் எண்ணினார். தவிட்டோடு போனது வைட்டமின் பி1 என்பது பின்னால்தான் தெளிவானது. 1929இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அன்று அரிசி மூட்டையில் சத்துப் பட்டியல் ஒட்டியிருந்தால் அதில் பி1 இருந்திருக்காது. ஒவ்வொரு காலத்துப் பட்டியலிலும் அந்தக் காலம் அறிந்தது மட்டுமே இருக்கும். முழுத் தானியத்தில் அறியாததும் சேர்ந்தே வருகிறது.

அப்படியானால் பதப்படுத்துவதே தவறா? இல்லை. நம் புழுங்கல் அரிசியும் பதப்படுத்தியதுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் பச்சரிசியில் போகிற அளவு போவதில்லை. புளித்த இட்லி மாவும் உறையூற்றிய தயிரும் இந்த வகைதான். என் மறுப்பெல்லாம் தானியத்தைப் பிரித்து, மாவும் எண்ணெயும் சர்க்கரையுமாக மறுபடி கூட்டி, நிறமும் மணமும் ஏற்றிச் செய்வதன் மேல்தான்.

செலவைப் பற்றி உன்னிடம் மறைக்கமாட்டேன். ஹால் குழுவின் சோதனையிலேயே பதப்படுத்தாத உணவுக்குத்தான் கூடுதல் செலவானது. ஆனால் கீரை, பயறு, நிலக்கடலை, வாழைப்பழம், முட்டை என்று வாங்கினால் நம் சந்தையில் கணக்கு அவ்வளவு கட்டுப்படியாகாமல் போகாது. நேரமில்லை என்பதுதான் உண்மையான தடை. வேலைக்குப் போகிற பெண்ணே அடுப்படியையும் சுமக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உன்னோடு அறையில் தங்கியிருக்கிற எல்லோரும் முறை வைத்துச் சமையுங்கள். தெருமுனைக் கடையில் அரைத்த மாவை வாங்கிக்கொள், அதில் குறையொன்றுமில்லை.

இந்த மாதம் மாலை பிஸ்கட்டை மட்டும் விடு. அந்த இடத்தில் சுண்டலோ அவித்த கடலையோ இருக்கட்டும். காலையில் ஓட்ஸ் வாங்குவதானால், மணமும் மசாலாவும் சேர்க்காத வெறும் ஓட்ஸாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
பெரியப்பா